கயிறு யார் பையில் இருக்கிறது?

இன்று மாலை நான்கு மணி பத்து நிமிட நிலவரப்படி, இந்த வாசகசாலையின் பின்னறைப் பதிவேட்டில் ஐந்து கையெழுத்துகள் விழுந்திருக்கின்றன. தேவை ஆறு. தகவல் தந்தவர் நூலகர். பதிவேட்டை நானும் என் கண்ணால் பார்த்தேன். முப்பத்தோராண்டு நிருபர் வேலை பார்த்தவன் நான். செய்தியை முதலில் இறக்கி வைத்தால்தான் மூச்சு வரும். இனி மரியாதை.

தலைமை ஏற்று, தலையைக் கடிகாரத்தின் பக்கம் திருப்பி அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! பூட்டும் சாவியும் புன்னகையும் ஒருங்கே கொண்ட நூலகர் அம்மையார் அவர்களே! ஆன்றோர்களே! "இவர் எப்போது முடிப்பார்" என்று கண்ணாலேயே பேசிக்கொள்ளும் தாய்மார்களே! ஆறாவது கையெழுத்து விழாவிட்டால் அறையை அள்ளிக்கொள்ள, பலகையோடு வந்து வலப்பக்கம் அமர்ந்திருக்கும் கேரம் குழுவின் கண்மணிகளே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

கைதட்டாதீர்கள் ஐயா, அறை இன்னும் உங்களுக்கு வரவில்லை.

எனக்குத் தந்த தலைப்பு, "மேசைக் கதை விளையாட்டுக்குப் புதிதாக வருவோருக்கு முதல் சாகசத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது". அது என்ன விளையாட்டு என்று கேட்பீர்கள். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம்: வீரன், மந்திரவாதி, திருடன். "நான் சுவரேறுகிறேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். ஏறினீர்களா, விழுந்தீர்களா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். அவ்வளவுதான். சுவரும் இல்லை, சுளுக்கும் இல்லை.

எங்கள் மேசையில் கதை நடத்துபவர் ஒரு தையற்காரி. அவர் கணவர் பிளம்பர். ஒரு பேருந்து ஓட்டுநர், ஒரு பல் மருத்துவர், அடியேன். ஆக ஐந்து பேர், ஐந்து கையெழுத்து. அறை நிலைக்க ஆறு பேர் வேண்டும் என்பது வாசகசாலை விதி. மூன்று ஞாயிறுகளில் ஆறாவது ஆளைத் தேடினோம்.

முதல் ஞாயிறு, அட்டைப்படம் பார்த்து ஒரு கதையை எடுத்தோம். அட்டையில் டிராகன். அழகென்றால் அப்படி ஓர் அழகு! கதை தொடங்கியது, குகைக்குள் நுழைந்தோம், டிராகன் வாயைத் திறந்தது. நம் பல் மருத்துவர் தொழில் பழக்கத்தில் கிட்டே போய் எட்டிப் பார்த்தார். "கீழ்வரிசையில ரெண்டு சொத்தை" என்றார். அதுவே அவர் கடைசி வாக்கு. பதினெட்டாவது நிமிடத்தில் நாங்கள் அனைவரும் சாம்பல். அன்று வந்திருந்த ஆறாவது ஆள், "செத்துப் போறதுக்கு நான் ஏன் ஞாயித்துக்கிழமை குளிச்சிட்டு வரணும்?" என்று கேட்டுவிட்டுப் போனவர்தான்.

அடுத்த ஞாயிறு, அறிவாளிகளாகிவிட்டோம். சண்டையே இல்லாத அரண்மனைக் கதை. அதில் நாற்பத்திரண்டு பெயர்கள். "இதுல யாரு யாருக்குச் சித்தப்பா?" என்று ஓட்டுநர் கேட்டார். அதைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் அவரே பெருமூச்சு விட்டார்: "வண்டி டெப்போவ விட்டே கிளம்பலியேங்க!" அன்று வந்த ஆறாவது ஆள் இப்போது கேரம் குழுவில் இருக்கிறார். அதோ, குனிகிறார் பாருங்கள்.

மூன்றாவது ஞாயிறு! தையற்காரி ஆறாவது ஆளாகத் தன் அப்பாவை அழைத்து வந்தார். ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர். அவருக்கும் மாப்பிள்ளைக்கும் இரண்டு வருடம் நான்கு மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லை. காரணத்தை இரு தரப்பிலும் விசாரித்தேன். மாமனார் தன் கையால் போட்ட குளியலறைத் தரையின் சரிவைப் பார்த்து, உறவுக்காரர் பதினோரு பேர் முன்னிலையில் பிளம்பர் சொன்ன ஒரே வாக்கியம்: "வாட்டம் தப்பு மாமா, தண்ணி வாசலுக்கு வருது." தண்ணீர் வந்ததா? வந்தது. அதைச் சொல்லலாமா? அதுதானே வழக்கு! அன்றிலிருந்து உப்பு வேண்டுமென்றாலும் மகள் வழியாகத்தான். ஒரே சாப்பாட்டு மேசை, ஒரு முழத் தூரம். "அம்மா, உப்பு அங்க இருக்கான்னு கேளு." "இருக்குன்னு மாமாகிட்ட சொல்லு."

அன்று எடுத்த கதை எட்டே பக்கம். ஒரு சிற்றூர், ஒரு கிணறு. யாரோ தள்ளி ஊர் மணி கிணற்றில் விழுந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும். ஓட்டுநரும் பல் மருத்துவரும் நானும் மணியைத் தள்ளியவனைத் தேடி மாவு ஆலைக்குப் போய்விட்டோம். கிணற்றடியில் இருவர்தான் மிச்சம். வீரன், மாமனார். மந்திரவாதி, மாப்பிள்ளை. ஊரில் இருப்பது ஒரே கயிறு. அது யார் பையில்? மந்திரவாதி பையில்!

மாமனார் மகளைப் பார்த்தார். "அம்மா, கயிறு இருக்கான்னு கேளு."

மகள் சொன்னார், "அப்பா, நான் இந்த ஊர்லயே இல்ல. நான் கதை நடத்துறவ."

தோழர்களே, தாய்மார்களே! வீட்டில் தூது உண்டு. கதைக்குள் தூது ஏது? கேட்டாரா பெரியவர்? கேட்கவில்லை! "கயிறில்லாமலே இறங்குறேன்" என்றார். பகடை உருண்டது, இருபதுக்கு இரண்டு. விழுந்தார். ஆட்டக் கணக்கில் உயிர்ப் புள்ளி ஒன்றே ஒன்று பாக்கி, அதுவும் போனால் ஆள் காலி. கிணற்றுக்குள் கிடந்தபடி, "இதுக்கு உறை இறக்கினவன் யாரு? இணைப்பே சரியில்ல" என்றார். ஊற்றுத் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது. மேலே மந்திரவாதி கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்காமல் போட்டால் கௌரவம் கெடுமோ என்று விழித்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் கழுத்துக்கு வந்தது.

"ஏம்ப்பா, மந்திரவாதி…" என்றார் மாமனார். "கயிறு போடுப்பா."

"போடுறேன் மாமா!"

எந்த நாட்டு மந்திரவாதி வீரனை மாமா என்பான்? எங்கள் மேசையில் ஒருவரும் கேட்கவில்லை. மாமனார் கனைத்துக்கொண்டார். "கல்லுல உரசப் போகுது. வாட்டம் பாத்துப் போடு. உனக்குத்தான் தெரியுமே."

ஆகவே என் முடிபு இதுதான். முதல் கதைக்கு டிராகன் வேண்டுமா? வேண்டாம்! நாற்பத்திரண்டு சித்தப்பா வேண்டுமா? வேண்டவே வேண்டாம்! ஓர் ஊர் போதும், ஒரு வேலை போதும், மதிய உணவுக்குள் முடிகிற ஆபத்து போதும். ஆனால் ஒன்றை மட்டும் பாருங்கள்: கயிறு யார் பையில் இருக்கிறது? அவரவர் பையில் அவரவர் கயிறு இருக்கிற கதையைத் தொடாதீர்கள். இறங்குகிறவன் ஒருவன், கயிறு இன்னொருவனிடம். அந்தக் கதையை எடுங்கள்! வாய் திறந்து கேட்டால்தான் பிழைக்கலாம் என்கிற கதையை எடுங்கள்!

என்ன ஐயா, மூன்றாம் வரிசையில்? எழுந்து நின்றே கேளுங்கள். நீங்கள்தானே கிணற்றில் இருப்பவர்.

"கயிறு தாங்குமா இல்லியா? அத முதல்ல சொல்லுங்க!"

எனக்குத் தெரியாது ஐயா. தெரியாததை நான் சொன்னதில்லை. உங்கள் மகள் பகடையைக் கையில் எடுத்தபோது நூலகர் மணியடித்துவிட்டார். நேரம் முடிந்தது. பகடை உருளவில்லை. ஒரு புள்ளி உயிரோடு நீங்கள் பாதிக் கயிற்றில் தொங்குகிறீர்கள். மேலே உங்கள் மாப்பிள்ளை பிடித்துக்கொண்டிருக்கிறார். இப்போதும் பாருங்கள், உங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் அவர் இரண்டு கையையும் இறுக்கிக்கொண்டுதான் இருக்கிறார்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், தூங்காமல் இருந்த நண்பர்களுக்கும், பலகையை இன்னும் பிரிக்காத கேரம் குழுவுக்கும் நன்றியும் வணக்கமும். இன்னும் தெரியாதவை இரண்டு. ஒன்று, ஆறாவது கையெழுத்து: பதிவேடு இன்று ஆறு மணிக்கு மூடப்படும், பேனா நூலகர் மேசையில் இருக்கிறது. மற்றொன்று, கயிறு: அறை இருந்தால், வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு.