கசப்பு வாதுமை வாசம்

தங்கம் மின்னும் என்று நினைப்பவர்கள் எங்கள் சயனைடு கொட்டகைக்கு வந்ததில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. அங்கே அது கறுப்புச் சேறு. அரைத்த மணலைச் சயனைடு கரைசலில் ஊறவைத்தால் தங்கம் அதில் கரைந்துவிடும்; துத்தநாகச் சீவலைக் கண்டதும் மனம் மாறி அதன்மேல் படிந்துவிடும். பிறகு கந்தக அமிலம் ஊற்றித் துத்தநாகத்தைக் கழிப்போம். அதற்கு முன் சேற்றைத் தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். ஒட்டியிருக்கும் சயனைடு அமிலத்தோடு சேர்ந்தால் ஒரு வாயு கிளம்பும். கசப்பு வாதுமை வாசம். அதை மோந்தவன் நின்று யோசிக்க மாட்டான்.

என் தங்கை பாக்கியவதியின் புருஷன் ஏனோக் என் கீழேதான் வேலை பார்த்தான். தங்கமான பையன் என்று சர்ச்சில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் மறுப்பில்லை. ஒருமுறை அந்த வாசம் லேசாகக் கிளம்ப, எல்லோரும் வெளியே ஓடினோம். அவன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான்.

"இன்னா மச்சான், எதுக்கு ஓட்றீங்க? எனக்கு ஒண்ணும் வாசமே தெரிலியே."

சிலருக்கு மூக்கு அப்படி. இதைப் பாக்கியவதியிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் அவள் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து தினமும் நடந்து வந்து எனக்குச் சமைத்து, துணி துவைத்துவிட்டுப் போவாள். நான் வற்புறுத்தியதே இல்லை. வராவிட்டால் மறுநாள் அவளோடு பேச மாட்டேன், அவ்வளவுதான். ஒரு நாள் அவளுக்குப் பதில் ஏனோக் வந்தான்.

"மச்சான், பாக்கியம் மாசமா இருக்கா. இனிமே அவ்ளோ தூரம் நடக்க வேணாம். நீங்களும் ஒரு பொண்ணப் பாத்துக் கட்டிக்கோங்களேன்."

மரியாதையாகத்தான் சொன்னான். கூடப்பிறந்தவனைப் பார்க்கக்கூட விடாமல் ஒரு பெண்ணை வீட்டில் அடைத்துவைக்கிறானே என்று என் மனம் பதறியது. அந்தக் கொடுமையிலிருந்து அவளை மீட்பது அண்ணன் கடமை அல்லவா?

சேறு வழிக்கும் நாளில் கொட்டகைக் கதவைப் பூட்டுவது விதி. தங்கத்துக்குக் கால் முளைத்துவிடும். மற்றவர்களை மணல் மேட்டுக்கு அனுப்பினேன். "அலசியாச்சு, அமிலத்த ஊத்து" என்று ஏனோக்கிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து பூட்டினேன். அலசவில்லை. ஜன்னல்களையும் நானே சாத்தியிருந்தேன்.

"மச்சான், தல சுத்துது. கதவத் தொறங்க."

"வேலைய முடிடா, தொறக்கிறேன்" என்றேன். சொன்ன சொல் தவறவில்லை. சத்தம் அடங்கியதும் திறந்தேன்.

அவன் மூக்கைப் பற்றி எனக்கு முன்பே தெரியும் என்று உங்களிடம் சொன்னது பாக்கியவதிதானாம். துக்கத்தில் பேசுகிறாள், பாவம். பிள்ளை பிறந்தால் தெளிந்துவிடுவாள். மதியச் சாப்பாட்டை இங்கே கொண்டு வரச் சொல்லி அவளுக்கு ஆள் அனுப்புங்கள், ஐயா. அண்ணன் பசி தாங்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.