எட்டாவது வரியில் ஒரு தாவல்

— நிறுத்துங்க சார், நிறுத்துங்க! எட்டாவது வரியில கை தாவணும். நீங்க பாட்டுக்கு சாவகாசமா நடந்து போறீங்க.

— தாவாம போனாலும் அதே இடத்துக்குத்தானே மேடம் போய்ச் சேர்ந்தேன்?

— இது பஸ் இல்ல சார், பரீட்சை. தாள்ல என்ன இருக்கோ அதைத்தான் வாசிக்கணும். இந்த கிடார் சோலோவுக்கு நூறு மார்க். அறுபது வந்தாதான் சர்டிபிகேட். போன ரெண்டு தடவையும் வேற தேர்வாளர்ங்க, ரெண்டு பேருமே இதே இடத்துலதான் சுழிச்சிருக்காங்க. நாலாவது தடவைன்னு ஒண்ணு கிடையாது, தெரியுமில்ல?

— சத்தியமா தெரியும் மேடம். நாளைக்குக் காலையில அந்த சர்டிபிகேட்டை பள்ளிக்கூடத்துல காட்டலேன்னா என் சீட்டைக் கிழிச்சுடுவாங்க. பதினாலு வருஷமா அங்க கிடார் சொல்லிக் குடுக்கறேன். இப்ப திடீர்னு சட்டம் போட்டுட்டாங்க, சர்டிபிகேட் இல்லாத வாத்தியாரெல்லாம் வெளிய போகணுமாம். நாப்பது பிள்ளைங்க மேடம். அதுங்களை விட்டுட்டு நான் என்ன பண்ணுவேன், சுவத்தைப் பாத்துட்டா உக்காந்திருப்பேன்?

— ஏம்மா, கொஞ்சம் மனசு வெச்சுப் போடும்மா. ரெண்டு நாளா மனுஷன் சரியா சோறு திங்கல.

— யாரு இது? கதவைத் திறந்துட்டு யாரு உள்ள வந்தது?

— என் சம்சாரம் மேடம். இவளே, உன்னை வெளிய பெஞ்சுல உக்காரச் சொன்னேனா இல்லையா?

— பெஞ்சு ஆடுது. அதுவுமில்லாம நீங்க உள்ள உளறுறது வெளிய வரைக்கும் கேக்குது. நான் வாயே திறக்க மாட்டேன்மா, ஓரமா நின்னுக்கறேன்.

— சரி, நில்லுங்க. பாருங்க சார், விதிப்படி ரெண்டு கேள்வி கேக்கணும். அஞ்சாவது வரியில நாலு கம்பியைச் சேர்த்து அமுக்கற கார்டு வருதே, இதுக்கு என்ன பேர்?

— இதுவா? மாமியார்.

— என்னது?

— நானா வெச்ச பேர் மேடம். எந்தப் பக்கம் போனாலும் குறுக்க வந்து நிக்கும். ஆனா அது இல்லேன்னா வீடு வீடா இருக்காது. அடுத்து வர்றது கோணக்கழுத்து. அதுக்கடுத்தது ஈரச் சட்டை.

— யாரு மாமியார்? எங்கம்மாவையா சொல்றீங்க?

— வாயே திறக்க மாட்டேன்னியே!

— சார், இதெல்லாம் உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?

— யாருமில்ல மேடம். சின்ன வயசுல பஸ் ஷெட்ல பெயிண்ட் அடிச்சுட்டிருந்தேன். யாரோ ஒரு பஸ்ல கிடாரை மறந்துட்டுப் போயிட்டாங்க. ஆறு மாசமாச்சு, தேடி வர ஆளில்ல. மேஸ்திரி, "எடுத்துட்டுப் போடா, இடத்தை அடைக்குது"ன்னுட்டார். வாட்ச்மேன்கிட்ட ஒரு ரேடியோ. அதுல தினம் சாயங்காலம் அரை மணி நேரம் ஜாஸ் போடுவாங்க. முதல் நாள் கேட்டதுமே எனக்குக் கிறுக்குப் புடிச்சிடுச்சு. எவனோ ஒருத்தன் நல்லாயிருந்த பாட்டை எடுத்து, புரட்டிப் போட்டு, உதறி, காயவெச்சு, மறுபடி மடிச்சு நம்ம கையில குடுக்கறான்! இப்படியெல்லாம் பண்ணலாமா, இவனைக் கேக்க ஆளே இல்லையான்னு ஒரே சிரிப்பு. பெயிண்ட் கையோட தடவித் தடவிக் கத்துக்கிட்டேன். இதோ பாருங்க, பதினேழாம் நம்பர் பஸ்ஸோட பச்சை இன்னும் கிடார்ல இருக்கு.

— அதுக்கப்புறம்?

— ஓட்டல் வாசல்ல வர்றவங்க போறவங்களுக்கு வாசிச்சேன். கப்பல் பேண்டுல ஒன்பது வருஷம். அலை போடற ஆட்டத்துல டிரம்ஸ்காரன் உருண்டு போவான், நான் தாளம் விட்டதில்ல. அப்புறம் நாலஞ்சு ரெக்கார்டு. இதோ, பரீட்சைக்கு வெச்சிருக்கீங்களே இந்த சோலோ, இதுவே நான் வாசிச்சதுதான்.

— அதானே, இன்னும் வரலையேன்னு பாத்தேன்! போன வருஷம் மூணு பேர் இதையே சொன்னாங்க சார். அதுல ஒருத்தருக்கு வயசே இருபத்திரண்டு. ரெக்கார்டு வந்து முப்பது வருஷமாச்சு.

— சத்தியமா மேடம்!

— அப்ப அட்டையில உங்க பேர் எங்க?

— பேண்டு தலைவர் பேரு பெருசா இருக்கும். கீழ "மற்றும் பலர்"னு பொடி எழுத்துல இருக்குமே, அந்தப் பலர்ல நான் ஒருத்தன்.

— பாருங்க, ஆயிரம் தடவை அந்த ரெக்கார்டைப் போட்டுக் கேட்டு இந்தத் தாளை எழுதினவளே நான்தான். அந்தத் தாவலைப் பத்தி மட்டும் என் புத்தகத்துல பன்னெண்டு பக்கம் இருக்கு. நீங்கதான் வாசிச்சீங்கன்னா சொல்லுங்க, எட்டாவது வரியில கை ஏன் அப்படித் தாவுது?

— கம்பி அறுந்துச்சு.

— என்ன?

— முதல் கம்பி மேடம், இருக்கறதுலயே சன்னமானது. ஏழாவது வரி முடியறப்ப பட்டுனு போயிடுச்சு. ரெக்கார்டிங் ஓடிட்டிருக்கு, நிறுத்தினா தலைவர் தோலை உரிச்சிடுவார். அதே சுரம் வேற எங்க கிடைக்கும்னு ரெண்டாவது கம்பியில அஞ்சு கட்டம் மேல பாஞ்சேன். உயிர்ப் பயம்!

— "தனிமையின் உச்சத்தில் எழும் கூக்குரல்"னு எழுதியிருக்கேனே சார்!

— தனிமையா? ஸ்டுடியோவுல பதினோரு பேர் முட்டிக்கிட்டு உக்காந்திருந்தோம் மேடம்.

— ஏங்க, அந்தக் கம்பியைப் பத்தி நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?

— நீ எப்ப என்னைக் கேட்டுட்டுச் சொல்லியிருக்க?

— இல்லம்மா, நான் அப்ப கிடார் விக்கிற கடையில கவுன்ட்டர்ல நின்னேன். இவர் வாராவாரம் வந்து முதல் கம்பி ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டுப் போவார். எனக்கு இவர் வர்றது புடிச்சுப்போச்சு. சீக்கிரம் அறுந்தா சீக்கிரம் வருவாரேன்னு, பெட்டிக்கடியில கிடந்த துருப்புடிச்ச கம்பியாப் பொறுக்கிப் பொறுக்கிக் குடுத்தேன்.

— அடிப்பாவி! முப்பது வருஷமா மூச்சு விடலையே நீ!

— வெக்கமா இருந்துச்சு.

— நான் மட்டும் என்ன யோக்கியனா? முதல் ரெண்டு மாசம் கம்பி எதுவும் அறுந்ததே கிடையாது. உன்னைப் பாக்க ஒரு சாக்கு வேணுமேன்னு வாங்கி வாங்கி டிராயர்ல போட்டேன். டிராயர் மூட முடியாம போனப்புறம்தான் கிடார்ல மாட்டவே ஆரம்பிச்சேன்!

— ஐயோ, ரெண்டு பேரும் என்னைச் சிரிக்க வெக்காதீங்க! நான் தேர்வாளர். பாருங்க, கதை ரொம்ப நல்லாருக்கு. கதைக்கு மார்க் கிடையாது சார். அந்தத் தாவலுக்கு மட்டும் அம்பது மார்க். தாவினா பாஸ், தாவலேன்னா ஃபெயில். என் கையில வேற எதுவும் இல்ல.

— கம்பி முழுசா இருக்கறப்ப கை எதுக்கு மேடம் தாவும்? வீட்ல ஒரு மாசமா பாத்துட்டேன். எவ்வளவு மிரட்டினாலும் நேரா போய் முதல் கம்பியிலதான் உக்காருது.

— அப்ப கம்பியை அறுத்துட வேண்டியதுதானே?

— இவளே!

— உங்க பையிலதான் கட்டிங் பிளேயர் இருக்கே. ஏம்மா, கம்பியை அறுக்கக் கூடாதுன்னு உங்க விதியில எங்கயாவது இருக்கா?

— அப்படி... அப்படி ஒண்ணும் இல்ல. ஆனா வாசிக்கறவருக்கு ரெண்டு கையும் வேலையா இருக்கும். யாரு அறுப்பாங்க?

— அந்தக் கம்பியை வித்தவளே அறுக்கறேன். என்னங்க, நீங்க பாட்டுக்கு வாசிங்க. சமயம் வர்றப்ப புருவத்தைத் தூக்குங்க.

— விரலை வெட்டிடாத தாயே! மேடம், ஆரம்பிக்கட்டுமா?

— ஆரம்பிங்க... ம்... மூணாவது வரி, சரி... மாமியார் வந்துட்டாங்க... ஆறு... ஏழு...

— இப்பவா?

— இருடி!

— இப்பவா?

— இப்ப!

— அறுத்துட்டேன்! ஐயய்யோ, அந்தம்மா மூக்குக்கண்ணாடியில அடிச்சிடுச்சே! நிறுத்தாதீங்க, வாசிங்க, வாசிங்க!

— தாவிட்டார்! அம்மா, பாத்தீங்களா, தாவிட்டார்! அஞ்சு கட்டம்! ரெக்கார்டுல இருக்கற அதே... அந்த லேசான தடுமாற்றம்கூட! எப்படி எழுதறதுன்னு தெரியாம தாள்ல நான் விட்டுட்டேன், அதுகூட அப்படியே வருது!

— முடிஞ்சுது மேடம். என்ன மேடம் அழறீங்க? கம்பி கண்ணுல பட்டுடுச்சா?

— கண்ணுக்கு ஒண்ணுமில்ல சார். அது நீங்கதான். நூத்துக்கு நூறு நீங்கதான்.

— ஏம்மா, நூறுன்னா பாஸ்தானே?

— பாஸ்மா! இதோ கையெழுத்து, இதோ முத்திரை. நாளைக்குக் காலையில பள்ளிக்கூடம் திறக்கறதுக்கு முன்னாடியே போய் வாசல்ல நில்லுங்க.

— என்னங்க, கேட்டீங்களா, நூறாம்! ஐயோ, விடுங்க! பரீட்சை நடக்கற இடத்துல வெச்சு யாராவது பொண்டாட்டியைத் தூக்குவாங்களா? மனுஷா, இறக்குங்க!

— அம்மா, வெளிய இன்னும் எத்தனை பேர் காத்திருக்காங்க?

— ஆறு பேர் இருந்தாங்கம்மா.

— அவங்களை அரை மணி நேரம் கழிச்சு வரச் சொல்லுங்க. அப்படியே கதவைச் சாத்திட்டு, பிளேயரோட இங்க வாங்க.

— எதுக்கு மேடம்?

— அதோ, சுவத்துல சாத்தியிருக்கற என் கிடார்லயும் அறுக்கச் சொல்லுங்க சார். இருபது வருஷமா தாவல் வரலேன்னு எல்லாரையும் ஃபெயில் பண்ணிட்டிருக்கேன், எனக்கே அது ஒரு தடவைகூட வந்ததில்ல.