சட்டைப் பொத்தான் பூட்டப் பழக்கும் படிப்பு

"சட்டைப் பொத்தான் பூட்டப் பழக்கிறதுக்கு ஐஞ்சு வருசம் படிக்க வேணுமோ, பிள்ளை?"

கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மண்ணெண்ணெய்ப் புகையோடு ஓடிய வான் வண்டியில், எனக்கு முன் இருக்கையில் இருந்த ஓர் அம்மா கேட்டார். பக்கத்தில் அவருடைய தம்பியின் மகள். அமெரிக்காவில் படிக்க இடம் கிடைத்த செய்தி முதல் நாள்தான் வந்திருந்தது. அவளுக்குப் பேச்சு நிற்கவில்லை.

"ஓம் மாமி. பட்டமும் மேற்பட்டமும் சேர்ந்த ஒரே படிப்பு. கை கால் வழங்காத ஆக்களைத் தங்கடை அலுவலைத் தாங்களே பார்க்கப் பழக்கிறது."

"மருந்து குடுக்கிறேல்லையோ?"

"இல்லை. பாரிசவாதம் வந்தாப்பிறகு அப்பாவாலை கரண்டி பிடிக்க ஏலாமல் கிடந்தது. நான் பிடியிலை சீலை சுத்தித் தடிப்பாக்கிக் குடுத்தன். இப்ப தானே சாப்பிடுறார். அப்பிடியான வேலைதான்."

மாமி அவள் பக்கம் திரும்பினார்.

"என்ரை தம்பியை விட்டிட்டு எப்பிடிப் போவாய்?"

"நானும் அதைத்தான் கேட்டன். அவர் எழும்பிப் போய், எனக்குத் தேத்தண்ணி போட்டுக் கொண்டு வந்தவர். வழியிலை பாதி சிந்திப்போட்டுது. மிச்சத்தைக் குடிச்சன்."

"அவன் தேத்தண்ணி போட்டவனோ?" மாமியின் குரல் உடைந்தது. "சீனி போட்டவனோ?"

"சீனிப்பாணி மாதிரித் தித்திச்சுக் கிடந்தது, மாமி."

இருவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்கள்.