மருமகள் சீரில் வந்த சவுண்ட்பார்

தொலைக்காட்சிக்கும் அதன் கீழே வைக்கிற சவுண்ட்பாருக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி இருக்க வேண்டும். ஒட்டி வைத்தால் அதிரும், பேச்சு குழறும். பெரும்பாலான வீடுகளில் இதைக் கவனிப்பதில்லை. எங்கள் வீட்டில் நானே அளந்து வைத்தேன்.

நீங்கள் கேட்டது இதை அல்ல என்று தெரியும், தம்பி. ஆனால் இங்கிருந்து தொடங்கினால்தான் மற்றது ஒழுங்காக விளங்கும். எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

மார்கிலான் நகரக் கலாச்சார மாளிகையில் நாற்பத்தொரு ஆண்டுகள் ஒலிப் பொறுப்பு என்னுடையது. மேடையில் பத்துப் பேர் இரட்டை நரம்புத் துதார் வாசித்தால், எவனுடைய நரம்பு சுருதி இறங்கியிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் காது சொன்னால் நகரத்தில் மறுபேச்சு கிடையாது. அதனால், என் மகன் இல்ஹோமின் திருமணத்துக்குப் பெண் வீட்டார் தரைவிரிப்பு, மெத்தை, பாத்திரங்களோடு ஒரு சவுண்ட்பாரையும் வண்டியிலிருந்து இறக்கியபோது, அது எனக்காக வாங்கியது என்று எல்லோருக்கும் புரிந்தது. யோசனை மருமகள் நிகோராவுடையதாம். அன்று நான் அதைப் பாராட்டினேன். மறைக்கவில்லை.

பொருள் நல்ல பொருள்தான். துதாரின் பட்டு நரம்பு அதிர்வதும் விரல் பலகையில் உராய்வதும் தனித்தனியே கேட்கின்றன. செய்தி வாசிப்பவள் மூச்சு வாங்குவது கேட்கிறது. குறை என்றால் ஒன்று. அடிக்குரலைத் தேவைக்கு மேல் தூக்குகிறது. ஆண் குரல் எதுவானாலும் கொஞ்சம் கனத்துப் போகிறது. இயக்குவது எளிது. ஒரு நீலப் பொத்தான், அவ்வளவுதான்.

“இத அமுக்கினா போன்ல இருக்கற பாட்டு இதுல வரும், மாமா. உங்க போன் பழசு. அதனால என் போனச் சேத்து வெச்சிருக்கேன். எந்தப் பாட்டு வேணும்னு சொல்லுங்க, போட்டு விடறேன்” என்றாள் நிகோரா.

“என் காலத்துல இதுக்கு ரெண்டு பேர் ஒரு வண்டி நிறைய கம்பி இழுப்பாங்க” என்றேன்.

“இப்ப ஒரு மருமக போதும், மாமா.”

வாய் கொஞ்சம் அதிகம். அப்போதே குறித்துக்கொண்டேன்.

திருமணமாகி இரண்டு மாதத்தில் இல்ஹோம் ருஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். அவனைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என் முன்னால் அவன் மனைவியின் பக்கம் திரும்பியதில்லை. என் முன்னால் சிரித்ததில்லை. நான் கேட்டால் பதில் சொல்வான், கேட்காவிட்டால் தேநீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பான். வெள்ளிக்கிழமை தோறும் போன் செய்வான். ஸலாம் சொல்வான், உடம்பு எப்படி என்பான், தான் நலம் என்பான். மூன்று வாக்கியம். நான்காவது இருக்காது. அப்படிப்பட்ட பிள்ளைகள் இந்த நகரத்தில் இன்று எத்தனை பேருக்கு இருக்கிறார்கள்?

நவம்பரில் ஒரு நாள் காலை. நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். தொலைக்காட்சி அணைந்திருந்தது, சவுண்ட்பார் அணைக்கப்படவில்லை. திடீரென்று அதிலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. “என் கண்ணு, நேத்து உன்னக் கனவுல பாத்தேன்…” அவ்வளவுதான். யாரோ வாயைப் பொத்தியது போல நின்றது.

நிகோரா சமையலறையிலிருந்து வந்தாள். முகம் காதுவரை சிவந்திருந்தது.

“ஏதாவது கேட்டுச்சா, மாமா?”

“யார் அது?”

அவள் தலைத்துணியின் நுனியை இழுத்துவிட்டாள். தரையைப் பார்த்தாள்.

“யாருமில்ல, மாமா.”

யாருமில்லை. கணவன் என்றால் கணவன் என்று சொல்லலாமே என்று நீங்கள் இப்போது நினைக்கலாம். நானும் அதையேதான் நினைத்தேன். என் மனைவி மஸ்தூரா பிற்பாடு வேறு மாதிரிச் சொன்னாள். மாமனார் முன்னால் ஒரு பெண் கணவன் பெயரை எடுப்பாளா, அவன் தன்னைக் கொஞ்சியது என்று வாய்விட்டுச் சொல்வாளா என்று கேட்டாள். வெட்கமும் குற்றமும் ஒரே நிறம்தான். நான் பார்த்தது நிறத்தை.

அவள் போனுக்கு வந்த குரல் பதிவுதான் சவுண்ட்பாரில் ஒலித்திருக்கிறது. அவள் உடனே போனின் இணைப்பை எடுத்துவிட்டாள். மறுநாள் நான், எனக்குத் துதார் கேட்க வேண்டும், மறுபடி சேர்த்து வை, இனி எடுக்காதே என்றேன். சேர்த்தாள். பணிவில் குறை சொல்ல முடியாது.

பிறகு நான் கேட்கத் தொடங்கினேன். முதலில் பக்கத்து வீட்டு டோல்கினைச் சந்தேகித்தேன். மின்சாதனம் பழுதுபார்ப்பவன், வீட்டுக்குள் வந்து போகிறவன். சவுண்ட்பாரில் பாடுவதற்கு ஒரு மைக்கும் வந்திருந்தது. அவனைக் கூப்பிட்டு, அதில் பேசு, சோதிக்க வேண்டும் என்றேன்.

“என்ன பேசறது, அண்ணே?”

“‘என் கண்ணு’ன்னு சொல்லு.”

“உங்களையா? அண்ணி கேட்டா என்னை அடிக்க வருவாங்க” என்று சிரித்தான். ஆனாலும் சொன்னான். சவுண்ட்பார் கனப்படுத்தியும்கூட அவன் குரல் மெலிந்துதான் இருந்தது. அவன் இல்லை. ரொட்டிக் கடைக்காரன் இல்லை. எரிவாயு அளவு பார்க்க வருபவனும் இல்லை, அவனுக்கு மூக்கால் பேச்சு. ஒவ்வொருவனையும் வாசலில் நிறுத்தி, ஏதோ கேட்டு, பேசவைத்துப் பார்த்தேன். அவர்கள் என்னை வயதாகிப் பேச்சுத் துணை தேடுபவன் என்று நினைத்திருப்பார்கள்.

ஜனவரியின் முதல் வாரத்தில் அந்தக் குரல் மறுபடி வந்தது. நிகோரா மாவு பிசைந்துகொண்டிருந்தாள், போன் அலமாரியில் இருந்தது. மணிக்கட்டால் எதையோ தட்டியிருக்கிறாள். கையெல்லாம் மாவு, உடனே நிறுத்த முடியவில்லை. இந்த முறை முழுதாகக் கேட்டேன்.

“இன்னும் நாப்பது நாள்தான், கண்ணு. வந்து உன்னக் கையோட கூட்டிட்டுப் போயிடறேன். அறை பாத்துட்டேன். கிழவர்கிட்ட மூச்சு விடாத. தெரிஞ்சா வீட்டு மானம் வீட்டு மானம்னு ஆரம்பிச்சுடுவாரு.” பிறகு அந்த ஆள் தொண்டையைச் செருமிக் காட்டினான். நான் செருமுவது போலவே. செருமிவிட்டுச் சிரித்தான். நிகோராவும் சமையலறையில் சிரித்தாள். பிறகுதான் ஓடிவந்து கூடத்தில் என்னைப் பார்த்தாள்.

நான் கண்ணை மூடித் தூங்குவது போல் இருந்தேன்.

தம்பி, என் இடத்தில் இருந்து யோசியுங்கள். அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பியிருந்தால், ஏன் அனுப்பினார் என்று தெரு முழுக்கப் பேசியிருக்கும். மகனிடம் சொல்லியிருந்தால் அவன் கையில் ரத்தம் பட்டிருக்கும். ஓடிப்போகும்வரை விட்டிருந்தால் எங்கள் வாசலில் எவனும் செருப்பைக் கழற்றியிருக்க மாட்டான். ஆனால் ஒரு சாவு நடந்தால் எல்லோரும் வருவார்கள். தலை குனிந்து ஓதிவிட்டு, சூடான புலாவைச் சாப்பிட்டுவிட்டு, நல்ல பெண் என்று சொல்லிப் போவார்கள். அவளுக்கும் அதுவே மரியாதை. இதில் அவளுடைய நலனையும் சேர்த்துத்தான் எண்ணினேன்.

நான் குறித்த நாளில் மஸ்தூரா தங்கை வீட்டுக் கல்யாண வேலைக்குப் போயிருந்தாள். வெளியே பனி. நிகோரா துணி துவைத்துவிட்டு, மதியம் தன் அறையில் குளிர்காயும் எரிவாயு அடுப்பை ஏற்றிக்கொண்டு படுத்தாள். குளிர் உள்ளே வராமலிருக்க ஜன்னல் விளிம்புகளுக்கு டிசம்பரிலேயே பஞ்சு ஒட்டியிருந்தது. ஒட்டியது அவள்தான். எங்கள் பக்கத்தில் குளிர்காலத்துக்கு இரண்டு மூன்று வீட்டில் அடுப்புப் புகை ஆளைக் கொண்டுபோகும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ஏணியை வைத்துக் கூரையில் ஏறினேன். டோல்கின் தன் முற்றத்திலிருந்து பார்த்தான்.

“என்ன அண்ணே, எழுபது வயசுல கூரை மேல? உங்க மருமக எங்க?”

“தூங்குறா. பனியைத் தள்ளணும்.”

“இறங்கும்போது கூப்பிடுங்க, விழுந்து தொலைக்காதீங்க.”

என் பழைய பஞ்சு அங்கியை அவள் அறை அடுப்பின் புகைக்குழாய் வாயில் வைத்து அடைத்தேன். பனியையும் தள்ளினேன். சொன்ன வேலையைச் செய்யாமல் இறங்குவது எனக்குப் பழக்கமில்லை. அவள் அறைக் கதவின் வெளித்தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து துதார் கச்சேரி ஒன்றை வைத்தேன்.

சுமார் முக்கால் மணி நேரம் கழித்து அவள் “மாமா” என்று கூப்பிட்டாள். கதவில் கையும் தட்டினாள், பலமாக அல்ல. நான் ஒலியை இரண்டு புள்ளி கூட்டினேன். மறுபடி கூப்பிட்டாள். இன்னும் மூன்று புள்ளி. அந்த அளவிலும் ஒலி உடையவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். மலிவான பெட்டிகள் அதில் பாதிக்கே இரையத் தொடங்கிவிடும்.

கச்சேரி முடிந்ததும் தாழ்ப்பாளை எடுத்தேன், அங்கியை இறக்கினேன், டோல்கினைக் கூப்பிட்டேன். அவன்தான் ஜன்னல்களைத் திறந்தான், அழுதான். எல்லாம் நான் எண்ணியபடியே நடந்தது. தெருவே வந்தது. நல்ல பெண் என்றார்கள். இல்ஹோம் மூன்றாம் நாள் வந்து சேர்ந்தான்.

தவறு என்னிடம்தான் நடந்தது, பிறகு. மஸ்தூரா மருமகளின் போனை வைத்துக்கொண்டு, அதிலிருந்த குரலைக் கேட்டுக் கேட்டு அழுதுகொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“அந்த ஆளோட குரலை இன்னும் ஏன் இந்த வீட்டுக்குள்ள வெச்சிருக்கே?”

“எந்த ஆளு? இது நம்ம இல்ஹோம்.”

“அவனா? உனக்கு என்ன பைத்தியமா?”

“பெத்தவளுக்குத் தெரியாதா? அவளோட எப்பவும் இப்படித்தான் பேசுவான். கதவுக்கு வெளிய நின்னு எத்தனை தடவை கேட்டிருக்கேன்.” அப்புறம் அவள் போனைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க இத எப்பக் கேட்டீங்க?”

மறுநாள் காலை டோல்கினிடம் ஏணியைப் பற்றிக் கேட்டுவிட்டு, நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். அவளைக் குறை சொல்லவில்லை. தாயின் காது தனக்கு வேண்டியதைக் கேட்கும். உங்கள் நிபுணர்கள் போனில் இருந்த குரலையும் இல்ஹோமின் குரலையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்று காகிதம் தந்திருக்கிறார்கள், அதையும் பார்த்தேன். இயந்திரம் ஆயிரம் சொல்லும்.

புகைக்குழாயை அடைத்தது நான். தாழ்ப்பாள் போட்டது நான். அதில் எங்கு வேண்டுமானாலும் கையெழுத்திடுகிறேன். ஆனால் வாக்குமூலத்தின் இந்தக் கடைசி வரியை அடித்துவிடுங்கள். “அது என் மகனின் குரல் என்று இப்போது அறிகிறேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அறியவில்லை.

முந்தாநாள் இல்ஹோமை இங்கே, என் எதிரில் நீங்களே உட்காரவைத்தீர்கள். கால்மணி நேரம் இருந்தான். தலை நிமிரவில்லை. பேசு என்றேன். என்ன வேண்டுமானாலும் சொல் என்றேன். ஒரு சொல் வரவில்லை, எழுந்து போய்விட்டான். அப்படிக் கொஞ்சிச் சிரித்த குரல் இவனிடம் எங்கே இருக்கிறது? அப்பன் முன்னால் வாய் திறக்காத பிள்ளை, தம்பி. நான் அப்படித்தான் வளர்த்தேன்.