‘போறேன்’னு சொல்லாதே

“போறேன்னு சொல்ற ஆள நான் இட்டுகினு போமாட்டேன்.”

சனிக்கிழமை காலை, செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு. திருக்கழுக்குன்றம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்த என் காதில் இது விழுந்தது. சொன்னவர் ஓர் அப்பா. முறைத்துக்கொண்டு நின்றவள் அவருடைய மகள், ஐந்து வயதிருக்கும். கூடுவாஞ்சேரியிலிருந்து குழந்தையை அழைத்துவந்த அம்மா, துணிப்பையை அப்போதுதான் அவரிடம் கொடுத்திருந்தாள். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் இப்போது வேறு வேறு வீடு என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“அம்மாதான் என்னை அனுப்புது. அதான் போறேன்னு சொன்னேன்.”

“அம்மா இன்னா பண்ணுச்சு? ரெண்டு நாளு பாப்பா வேணும்னு நான்தான் கேட்டேன். கோவம்னா என்னாண்ட காட்டு. அம்மாக்கு ஒழுங்கா சொல்லு.”

குழந்தை கொஞ்ச நேரம் செருப்பைத் தரையில் தேய்த்தது.

“போயிட்டு வரேம்மா.”

அம்மா அவர் கையிலிருந்த பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

“இப்ப நீ சொல்லுப்பா.”

“நானா?”

“அன்னிக்கு வீட்ட வுட்டு நீ சொல்லாமலே பூட்ட.”

பஸ் வந்து நின்றது. ஆட்கள் முண்டியடித்து ஏறினார்கள். அவர் அசையவில்லை. பிறகு குழந்தையின் அம்மா முகத்தைப் பார்த்தே சொன்னார்:

“பாப்பாவ இட்டுகினு போயிட்டு, நாளைக்கு சாய்ந்தரம் இட்டுகினு வரேன்.”

“சரி. பாத்து போயிட்டு வாங்க.”

“ம், இப்ப ஏறலாம்,” என்றாள் மகள்.