கதவு நிலையில் போட்ட கோடுகள்

“பொங்கலுக்குப் பெயிண்ட் அடிச்சதுதான் தப்பாப் போச்சு.”

ரெட்டியார்பாளையத்தில் பஸ் ஏறி என் முன்சீட்டில் உட்கார்ந்த பெண் கணவனிடம் சொன்னாள். மடியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கண்டக்டரிடம் ஏழு வயது என்று சொல்லி அரை டிக்கெட் வாங்கியிருந்தாள். பார்த்தால் நாலு வயது என்றுதான் தோன்றும்.

“அதுக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்னா சம்பந்தம்?”

“வளர்ச்சி டாக்டர் பழைய உயரமெல்லாம் கேப்பாராம். ஒவ்வொரு பொறந்தநாளைக்கும் கதவு நெலையில கோடு போட்டு வச்சிருந்தேன். நீங்க அதும்மேலயே அடிச்சிட்டீங்க.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“தெரிஞ்சேதான் அடிச்சேன்.”

“என்னாது?”

“கடைசி ரெண்டு கோடும் ஒரே எடத்துல இருந்துச்சு. தெனம் வேலைக்குப் போம்போது அதத் தாண்டிப் போவ முடியல.”

அவள் மகளின் காலை இழுத்து மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

“இத டாக்டராண்ட சொல்லுங்க, போதும்.”

“நீயே சொல்லிடு. எனக்கு வாய் வராது.”