பூக்காத செடி

மாட்டுங்கா ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். இளையவள் திடீரென்று சொன்னாள்.

“அந்தச் செடி பூக்கவே பூக்காதாம், மாமி.”

“எது?”

“ஜன்னல்ல வெச்சிருக்கேனே, பெர்ன்னு ஒரு இலைச்செடி. இலைக்கு அடியில பொட்டுப் பொட்டா வந்துது. மொட்டுன்னு நெனச்சேன். மாடியாத்து மாமா பாத்துட்டு, இந்த ஜாதிக்குப் பூவே கிடையாதுன்னுட்டார்.”

“போறது. இலையாவது பச்சுனு இருக்கோல்லியோ?”

“பட்டாளத்து ஆபீஸ் வேலையா சிங்கப்பூர் போறச்சே எங்காத்துக்காரர் வாங்கி வெச்சது. இது பூக்கறத்துக்குள்ள வந்துடறேன்னார்.”

மாமி கைப்பையை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

“தகவல் ஏதாவது?”

“சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில விழுந்ததோட சரி.”

வரிசை நகர்ந்தது. இருவரும் நகரவில்லை.

“தண்ணி விடறதை நிறுத்திக்கூடப் பாத்தேன், மாமி. வாடவும் மாட்டேங்கறது. வாடினா, தூக்கிப் போட்டுட்டு அழுதாவது தீத்துடுவேன்.”